ஆசிரியரும் கற்கிறார்

"காது கொடுத்துக் கேளுங்கள்" என்று ஆசிரியர் சொன்னால், நாம் யாரும் காதைக் கழற்றிக் கொடுப்பதில்லை. "கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுங்கள்" என்றால், விரைவாகச் செய்யச் சொல்கிறார் என்று புரிந்துகொள்கிறோம். சொல்லின் நேர்ப்பொருள் ஒன்று. சொல்பவர் கருதும் பொருள் வேறு. இந்த இடைவெளியை நாம் ஒரு நொடியில் தாண்டிவிடுகிறோம். தாண்டினோம் என்பதைக்கூட உணர்வதில்லை.

எல்லா மாணவர்களுக்கும் இது அவ்வளவு எளிதன்று. "இந்தக் கணக்கைச் செய்ய முடியுமா?" என்று ஓர் ஆசிரியர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவர் "முடியும்" என்று சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். ஆசிரியர் காத்திருக்கிறார்; மாணவரும் காத்திருக்கிறார். கணக்கைச் செய்யாமல் இருப்பது கீழ்ப்படியாமை என்று ஆசிரியருக்குத் தோன்றலாம். மாணவரோ தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான விடையைத் தந்துவிட்டார். அவர் மதியிறுக்கம் உள்ள மாணவராக இருந்தால், இங்கே நடந்தது குறும்பன்று. ஒருவர் சொன்ன விதமும் மற்றவர் புரிந்துகொண்ட விதமும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இதை அறியாத ஆசிரியர் அந்த மாணவரைக் கண்டிக்கக்கூடும். எதற்காகக் கண்டிக்கப்பட்டோம் என்பது மாணவருக்கு விளங்காது. இப்படிப் பலமுறை நடந்தால், பள்ளி அவருக்கு அச்சம் தரும் இடமாகிவிடும். அதனால்தான், மதியிறுக்கம் உள்ள மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அந்தப் பயிற்சியில் அவர்கள் என்ன கற்கிறார்கள்? அதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

மதியிறுக்கம் என்றால் என்ன?

ஆட்டிசம் என்பதைத் தமிழில் மதியிறுக்கம் என்கிறோம். அது தொற்றக்கூடிய நோயன்று; மருந்து கொடுத்து நீக்கக்கூடியதும் அன்று. மூளையின் வளர்ச்சியில் சிறு வயதிலேயே அமையும் ஒரு வேறுபாடு அது. பிறருடன் தொடர்புகொள்ளும் முறை, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை உணரும் முறை, ஆர்வங்கள், அன்றாடப் பழக்கங்கள் ஆகியவற்றில் அந்த வேறுபாடு வெளிப்படும். உலகில் 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு மதியிறுக்கம் இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

1943ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கானர், தாம் கவனித்த 11 பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். மதியிறுக்கத்தைத் தனியாக அடையாளம் காட்டிய முக்கியமான கட்டுரை அது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் ஒரு தவறான கருத்து பரவியது. தாய் அன்பு காட்டாததால்தான் பிள்ளைக்கு மதியிறுக்கம் வருகிறது என்று அறிஞர்கள் சிலரே கூறினர். பல தாய்மார்கள் செய்யாத குற்றத்துக்காகப் பழி சுமந்தனர். மதியிறுக்கம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளவியலாளர் 1964இல் வெளியிட்ட நூல் அக்கருத்தை எதிர்த்தது. வளர்ப்பு முறை இதற்குக் காரணமன்று என்பது இன்று தெளிவாகிவிட்டது.

பின்னர், இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் லோர்னா விங் மற்றொரு முக்கிய உண்மையை எடுத்துக்காட்டினார். அவருடைய மகளுக்கும் மதியிறுக்கம் இருந்தது. மதியிறுக்கம் எல்லாரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வானவில்லின் வண்ணங்களைப்போல் அது பலவாறு அமையும் என்பதை அவருடைய ஆய்வுகள் உணர்த்தின. சிலர் பேசுவதில்லை, படங்களைக் காட்டியோ கருவியின் உதவியாலோ தம் எண்ணத்தைத் தெரிவிப்பார்கள். சிலர் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் உரையாடலில் தம் முறை எப்போது வரும் என்று அறியத் தடுமாறுவார்கள். சிலருக்கு அன்றாட வேலைகளுக்கே துணை தேவைப்படும். வேறு சிலர் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வேலைக்குச் செல்வார்கள். மதியிறுக்கம் உள்ளவர்கள் எல்லாரும் கணக்கில் மேதைகள் என்பதும் உண்மையன்று. அவர்களால் எதையும் கற்க முடியாது என்பதும் உண்மையன்று.

நமக்குக் கேட்காத ஓசை

வகுப்பறையில் மின்விசிறி சுழலும் ஓசை நமக்குச் சற்று நேரத்தில் கேட்காமல் போய்விடுகிறது. நம் மூளை அதை ஒதுக்கிவிடுகிறது. மதியிறுக்கம் உள்ள சிலரால் அப்படி ஒதுக்க முடிவதில்லை. மின்விசிறியின் ஓசை, பக்கத்து வகுப்பின் சிரிப்பொலி, நாற்காலி தரையில் உரசும் சத்தம், ஆசிரியரின் குரல் ஆகிய அனைத்தும் ஒரே அளவில் அவர்கள் காதில் விழும். சீருடையின் கழுத்துப் பகுதியில் தைத்துள்ள சிறு துணிப்பட்டை நாள் முழுதும் உறுத்திக்கொண்டே இருக்கும். இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையில் எழும் இரைச்சல் தாங்க முடியாததாக இருக்கும்.

இதற்கு மாறாக, சிலருக்குப் புலனுணர்வு குறைவாகவும் இருக்கலாம். அடிபட்டாலும் வலி உடனே தெரியாது. உடலை அசைத்துக்கொண்டே இருந்தால்தான் அவர்களுக்கு அமைதி கிடைக்கும்.

இதை அறிந்த ஆசிரியருக்கும் அறியாத ஆசிரியருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஒரு மாணவர் திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறார். அறியாதவருக்கு அது ஒழுங்கின்மை. அறிந்தவர், சற்று முன் அங்கே எந்தச் சத்தம் எழுந்தது என்று யோசிப்பார்.

சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சி

சிங்கப்பூரில் சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர்களுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வழக்கமான பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். கூடுதல் உதவி தேவைப்படுவோர் சிறப்புக் கல்விப் பள்ளிகளில் படிக்கிறார்கள். 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பாத்லைட் பள்ளி, மதியிறுக்கம் உள்ள மாணவர்களுக்கு வழக்கமான பள்ளிகளின் பாடத்திட்டத்தையே கற்பிக்கிறது. அத்துடன் அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான திறன்களையும் அங்கே கற்றுத் தருகிறார்கள்.

வழக்கமான பள்ளிகளிலும் மாற்றங்கள் வந்தன. 2005ஆம் ஆண்டு முதல், சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு உதவுவதற்கென்றே தனி அலுவலர்கள் பள்ளிகளில் பணியில் அமர்த்தப்பட்டார்கள். இன்று அவர்கள் சிறப்புக் கல்வித் தேவை அதிகாரிகள் என்று அழைக்கப்படுகிறார்கள். 2003இல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், மிதமான அல்லது கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் 2019ஆம் ஆண்டு முதல் விரிவுபடுத்தப்பட்டது. பள்ளிக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்பதை அந்த மாற்றம் உறுதிப்படுத்தியது.

பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தால் மட்டும் போதுமா? கற்பிக்கத் தெரிந்த ஆசிரியரும் வேண்டும். அதனால் பயிற்சி மூன்று நிலைகளில் அமைந்துள்ளது.

முதல் நிலை எல்லா ஆசிரியர்களுக்கும் உரியது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமான தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியராகப் பயிலும்போதே சிறப்புத் தேவைகளைப் பற்றிய அடிப்படையை அவர்கள் கற்கிறார்கள். பணியில் சேர்ந்த பிறகும் இணையம்வழிச் சிறு பாடங்கள் மூலம் தொடர்ந்து கற்கிறார்கள். இரண்டாம் நிலையில், ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சில ஆசிரியர்கள் சிறப்புத் தேவைகளைப் பற்றிச் சான்றிதழ் நிலைப் பயிற்சி பெறுகிறார்கள். அவர்கள் தங்கள் சக ஆசிரியர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். மூன்றாம் நிலையில் சிறப்புக் கல்வித் தேவை அதிகாரிகள் முழுநேரமாகப் பயின்று சிறப்புக் கல்வியில் பட்டயம் பெறுகிறார்கள். அவர்கள் தேவைப்படும் மாணவர்களைத் தனியாகவோ சிறு குழுவாகவோ சந்தித்து உதவுகிறார்கள்; வகுப்பாசிரியருடன் சேர்ந்து திட்டமிடுகிறார்கள்.

முன்பு என்ன நடந்தது?

இந்தப் பயிற்சியில் ஆசிரியர் கற்கும் முதல் பாடம், கேள்வியை மாற்றிக் கேட்பது. "இந்த மாணவரை எப்படித் திருத்துவது?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்த மாணவருக்கு இங்கே எது கடினமாக இருக்கிறது?" என்று கேட்கப் பழகுகிறார்.

இதற்கு ஓர் எளிய முறை உண்டு. ஒரு செயல் நிகழும்போது மூன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். செயலுக்கு முன் என்ன நடந்தது? மாணவர் என்ன செய்தார்? அதற்குப் பின் என்ன நடந்தது? எடுத்துக்காட்டாக, ஒரு மாணவர் புதன்கிழமைதோறும் மூன்றாம் பாடவேளையில் புத்தகத்தைத் தூக்கி எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் சில வாரங்கள் குறித்துப் பார்க்கிறார். புதன்கிழமை மட்டும் அந்த நேரத்தில் வேறு அறைக்கு மாற வேண்டியிருக்கிறது. நடைவழியில் கூட்டம் நெரிகிறது. புத்தகத்தை எறிந்ததும் மாணவர் வெளியே அனுப்பப்படுகிறார். வெளியே அமைதி கிடைக்கிறது. அவருக்குத் தேவைப்பட்டது அந்த அமைதிதான். அதைக் கேட்டுப் பெறும் வழி தெரியாததால் புத்தகம் பறந்தது.

இப்போது செய்ய வேண்டியதும் தெளிவாகிறது. அவரை இரண்டு நிமிடம் முன்னதாகவே அறைக்கு அனுப்பலாம். "எனக்குச் சற்று ஓய்வு வேண்டும்" என்று எழுதிய அட்டையை அவரிடம் கொடுத்து, வேண்டும்போது காட்டச் சொல்லலாம். புத்தகத்தை எறிவது தவறுதான். அதையும் அவருக்குச் சொல்ல வேண்டும். ஆனால், எறியாமல் இருக்க ஒரு வழியைக் காட்டிவிட்டுச் சொல்லும்போதுதான் அந்த அறிவுரை பயன்படும்.

வகுப்பறையில் செய்யும் மாற்றங்கள்

ஆசிரியர்கள் பயிற்சியில் கற்கும் வேறு சில வழிகளையும் பார்ப்போம்.

முதலாவது, தெளிவான பேச்சு. "கொஞ்சம் ஒழுங்காக உட்காருங்கள்" என்பதைவிட, "நாற்காலியில் உட்காருங்கள், கால்களைத் தரையில் வையுங்கள்" என்பது தெளிவானது. ஒரே மூச்சில் ஐந்து கட்டளைகள் இடாமல் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டபின் பதிலுக்குச் சில நொடிகள் பொறுத்திருக்க வேண்டும். தமிழாசிரியர் மரபுத்தொடர்களைத் தவிர்க்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. "தலைகால் தெரியாமல் ஓடினான்" என்றால் என்ன பொருள் என்பதை ஊகிக்கவிடாமல் வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும். நேராகக் கற்பித்தால் மாணவர் கற்றுக்கொள்வார்.

இரண்டாவது, கண்ணால் காணும் கால அட்டவணை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலை மதியிறுக்கம் உள்ள பலருக்குப் பதற்றம் தரும். அன்றைய வேலைகளைப் படங்களாகவோ சொற்களாகவோ வரிசைப்படுத்தி ஒட்டிவைத்தால், ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தாமே பார்த்துக்கொள்வார்கள். அமெரிக்காவின் வட கரோலைனாவில் எரிக் ஷாப்லர் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கற்பித்தல் முறை இத்தகைய காட்சி வழிகாட்டிகளைப் பெரிதும் பயன்படுத்துகிறது. 1972இல் அந்த மாநிலம் முழுவதற்கும் உரிய திட்டமான அது, பின்னர் உலகின் பல நாடுகளுக்குப் பரவியது.

மூன்றாவது, சூழல் கதைகள். தீயணைப்புப் பயிற்சி நாளன்று அபாயமணி திடீரென்று அலறினால் சிலர் மிகவும் கலங்கிவிடுவார்கள். அந்நாளுக்கு முன்பே, "நாளை காலை மணி சத்தமாக ஒலிக்கும். இது பயிற்சிதான். எல்லாரும் வரிசையாகத் திடலுக்குச் செல்வோம். பிறகு வகுப்புக்குத் திரும்புவோம்" என்று சிறு கதைபோல் எழுதிப் படங்களுடன் படித்துக் காட்டலாம். 1990களின் தொடக்கத்தில் கேரல் கிரே என்னும் அமெரிக்க ஆசிரியர் இந்த முறையை அறிமுகப்படுத்தினார்.

நான்காவது, அமைதிக்கு ஓர் இடம். வகுப்பின் ஒரு மூலையிலோ பள்ளியின் ஓர் அறையிலோ மாணவர் சற்று நேரம் தனியாக இருந்து மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். அது தண்டனை தரும் இடமன்று. அங்கே செல்வதற்கு முன் மாணவர் பதறிக் கத்த வேண்டும் என்பதும் இல்லை. பதற்றத்தின் தொடக்கத்தை உணர்ந்து தாமே அங்கே செல்லக் கற்பதுதான் நோக்கம்.

ஐந்தாவது, ஆர்வத்தைப் பாலமாக்குதல். ஒரு மாணவருக்குப் பெருவிரைவு ரயில்களின்மேல் தீராத ஆர்வம் இருக்கலாம். ஆசிரியர் அதைத் தொல்லையாகக் கருதாமல், நிலையங்களுக்கு இடையே உள்ள தொலைவைக் கொண்டு கணக்கு அமைக்கலாம். ரயில் பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லலாம். விருப்பமான பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கும் மாணவர், மெல்ல மெல்லப் பிறவற்றையும் பேச முன்வருவார்.

இது சலுகையா?

"அவருக்கு மட்டும் ஏன் கூடுதல் நேரம்? அவர் மட்டும் ஏன் வெளியே போகலாம்?" என்று சில மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்கும் ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும்.

நம் வகுப்பில் பலர் மூக்குக்கண்ணாடி அணிகிறார்கள். அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. கண்ணாடி, படிப்பை எளிதாக்கவில்லை. கரும்பலகையைப் பார்க்க உதவுகிறது. படிக்க வேண்டியதை அவர்தான் படிக்க வேண்டும். தேசியத் தேர்வுகளில் தகுதியுள்ளவர்களுக்குக் கூடுதல் நேரமும் தனி அறையும் வழங்கப்படுவது இதைப்போன்றதே. வினாத்தாள் எளிதாவதில்லை. தமக்குத் தெரிந்ததை எழுதிக்காட்டத் தடையாக இருப்பது மட்டும் நீக்கப்படுகிறது. எல்லாருக்கும் ஒரே பொருளைக் கொடுப்பது சமம். ஒவ்வொருவருக்கும் தேவையானதைக் கொடுப்பது நியாயம்.

இந்த மாற்றங்களால் மற்ற மாணவர்களும் பயனடைகிறார்கள். கட்டளை தெளிவாக இருந்தால் வகுப்பில் எல்லாருக்கும் புரியும். அன்றைய வேலைகள் பலகையில் வரிசையாக இருந்தால் மறதிக்காரருக்கும் உதவும். பள்ளிக்குப் புதிதாக வந்த மாணவரும் தடுமாறமாட்டார்.

புரிதல் இருவழிப் பாதை

நெடுங்காலமாக, மதியிறுக்கம் உள்ளவர்களுக்குப் பிறர் மனத்தைப் புரிந்துகொள்ளும் திறன் குறைவு என்றே சொல்லப்பட்டு வந்தது. மதியிறுக்கம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012இல் இதைப் புதிய கோணத்தில் பார்த்தார். அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறார்கள் என்பது உண்மையானால், நாமும் அவர்களைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறோம் அல்லவா? அப்படியிருக்க, குறை ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதாக எப்படிச் சொல்ல முடியும்? இதுவே அவருடைய கருத்தின் சாரம்.

ஆசிரியர் பயிற்சியின் பொருளும் இங்கே விளங்குகிறது. முன்பெல்லாம் மாறவேண்டியவர் மாணவர் மட்டுமே என்று எண்ணினார்கள். கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, அசையாமல் உட்கார் என்று அவரைப் பிறரைப்போல் ஆக்க முயன்றார்கள். ஒரு மாணவர் தம் ஆற்றல் முழுவதையும் பிறரைப்போல் தோன்றுவதற்கே செலவிட்டால், பாடத்தைக் கற்க அவரிடம் என்ன மிஞ்சும்? கண்ணைப் பார்க்காமலே ஒருவர் கவனமாகக் கேட்கலாம் என்பதை ஆசிரியர் அறிந்தால் போதும். அந்த மாணவரின் சுமை பாதி குறையும்.

ஆனாலும், பயிற்சி பெற்ற ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்துவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. வகுப்பில் பல மாணவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் கவனிக்க வேண்டும். ஒரு மாணவருக்குப் பயன்பட்ட வழி இன்னொருவருக்குப் பயன்படாமல் போகலாம். எனவே பெற்றோரிடம் கேட்டறிய வேண்டும். முடிந்தவரை அந்த மாணவரிடமே கேட்க வேண்டும். தமக்கு எது உதவுகிறது, எது வருத்துகிறது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் வேறு யார்?

நாம் என்ன செய்யலாம்?

ஆசிரியர் வகுப்பில் இருக்கும்போது மட்டும் பள்ளி நடப்பதில்லை. இடைவேளையிலும், இணைப்பாட நடவடிக்கையிலும், பேருந்து நிறுத்தத்திலும் அந்த மாணவருடன் இருப்பவர்கள் நாம்தான். கேலிப் பேச்சு பெரும்பாலும் ஆசிரியரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் நடக்கிறது. அதனால், சிங்கப்பூர்ப் பள்ளிகளில் சக மாணவர்களையும் இதில் ஈடுபடுத்துகிறார்கள். சில மாணவர்கள் நண்பர் குழுவாகச் சேர்ந்து, உதவி தேவைப்படும் வகுப்புத் தோழருக்குத் துணையாக இருக்கிறார்கள்.

அதற்குப் பெரிய திறமை எதுவும் தேவையில்லை. குழு வேலையில் அவருடைய பங்கு எது என்று தெளிவாகச் சொல்லலாம். நாளைக்கு வகுப்பறை மாறுகிறது என்றால் முன்கூட்டியே அவருக்கு நினைவூட்டலாம். நகைச்சுவையாகச் சொன்னதை அவர் உண்மையென்று எண்ணிவிட்டால், சிரிக்காமல் விளக்கலாம். அவர் தனியாக இருக்க விரும்பினால் அதையும் மதிக்கலாம். அடுத்த முறை விளையாட அழைக்கவும் மறக்கக் கூடாது. ஒருமுறை வேண்டாம் என்றவர் எப்போதும் வேண்டாம் என்று சொல்வார் என்பதில்லை.

ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் தேதி உலக மதியிறுக்க விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. 2007இல் ஐக்கிய நாட்டுப் பொதுச் சபை அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்நாளில் பேசுவதும் எழுதுவதும் நல்லதே. ஆனால், மதியிறுக்கம் உள்ள மாணவர் ஆண்டு முழுவதும் பள்ளிக்கு வருகிறார். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில், ஆசிரியர் அவருக்குப் புரியும்படி பேசுகிறாரா, பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அவரைத் தோழராக நடத்துகிறாரா என்பவைதாம் அவருடைய பள்ளி வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. அந்தப் புரிதலைப் பயிற்சியால் பெற முடியும் என்பதை நம் ஆசிரியர்கள் காட்டி வருகிறார்கள். அவர்கள் கற்பது நாமும் கற்கக்கூடியதே.